இடது கால் பிரேக்

“பாய், பிரேக்கு காலுக்குச் சிக்க மாட்டேங்குது” என்றுதான் கருப்பண்ணன் பேச்சை ஆரம்பித்தார்.

அவருடைய மகள் கோகிலவாணிக்கு அன்றைய பேச்சு முழுவதும் வரிசை தப்பாமல் நினைவில் இருக்கிறது. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முகம்மது கவுஸின் மெக்கானிக் கடை. நான்கு கடை தள்ளி இருக்கும் இ-சேவை மையத்தில் அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அன்றைக்கும் சர்வர் வேலை செய்யவில்லை. காத்திருந்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போய், மூன்று டீ வாங்கிக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள்.

“சிக்கலன்னா எப்பிடிங்கண்ணா?” என்றார் கவுஸ்.

“மிதிச்சா மிதிச்சாப்பலயே இல்ல. பஞ்சு மேல கால் வெச்ச மாதிரி இருக்குது. நேத்து பஞ்சப்பள்ளி எறக்கத்துல ஒரு ஆடு குறுக்க வந்துது. நான் மிதிக்கறன், மிதிக்கறன், வண்டி அது பாட்டுக்குப் போவுது.”

“ஆடு?”

“அதுக்கு புத்தி இருந்துது. ஓடிப்போச்சு.”

கவுஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லட்டின் பிரேக் பெடலைப் பிடித்து ஆட்டினார். அது கடகடவென்று ஆடியது.

“புஷ்ஷு தேஞ்சு போச்சு. பின்னு போற ஓட்டை முட்டையாட்டம் ஆயிருக்குது. இத எப்ப மாத்துனீங்க?”

“மாத்துனதே இல்ல.”

“அதான பாத்தன். எழுபத்தெட்டு மாடலு. பெடல் ரப்பரப் பாருங்க, மொட்டை மண்டையாட்டம்.”

“என் மண்டையாட்டம்னு சொல்லு.”

கவுஸ் கிரீஸ் கையால் தன் வழுக்கையையும் தடவிக்கொண்டு சிரித்தார். “இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் பிரேக்கு சோத்தாங்கால்லங்க. உங்குளுது பீச்சாங்கால்ல. இந்தப் பெடலு இங்க எவன்கிட்டயும் இல்ல. பெங்களூர்ல ஒருத்தன் இருக்கறான், கேட்டுப் பாக்கலாம். அது வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க.”

“வண்டியத் தொடாம? வூட்ல உக்காந்து பூ கட்டறதா?”

கோகிலவாணி டீயை நீட்டினாள். கருப்பண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“எனக்கு மட்டும் சக்கரை இல்லியா?”

“உங்களுக்கு வேணாங்கப்பா.”

“ஏங்கண்ணா, சக்கரை இப்ப எவ்ளோ இருக்குது?” என்று கவுஸ் கேட்டார்.

“வண்டிக்குத்தான பாய் வைத்தியம் கேட்டன்?” என்றார் கருப்பண்ணன். அத்தோடு பேச்சு நின்றது.

கருப்பண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயரிலேயே அண்ணன் இருந்ததால் அவரைவிட மூத்தவர்களும் அவரை அண்ணன் என்று கூப்பிட்டாக வேண்டியிருந்தது. அதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம். பதினாறு வயதில் பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கப் போனவர். தூக்கித் தூக்கி, எந்தத் தோட்டத்துக் காய் எத்தனை நாள் தாங்கும் என்று பெட்டியின் கனத்திலேயே தெரிந்துகொண்டார். பிறகு சொந்தமாகத் தோட்டங்களுக்குப் போய் விலை பேச ஆரம்பித்தார். அப்போது வாங்கியதுதான் அந்த புல்லட். ஓய்வுபெற்ற வனத்துறை ரேஞ்சர் ஒருவர் வைத்திருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் வேறு வண்டி ஓட்டியதில்லை.

விடியுமுன் கிளம்பி பஞ்சப்பள்ளி, கரகூர் என்று ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்குவார். செடியை விலக்கிக் காயைப் பார்த்து, விலை பேசி, பிக்கப் வண்டிக்குப் போன் செய்வார். அந்தத் தொழிலில் முதலில் வருகிறவருக்குத்தான் தோட்டம். கால் மணி நேரம் தாமதித்தால் அடுத்த வியாபாரி பேசி முடித்துவிட்டுப் போயிருப்பான். வண்டி நின்றால் தொழில் நின்றது. முன் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. மலையடி இறக்கங்களில் இத்தனை வருஷமும் அவரைக் காப்பாற்றியது இடது கால்.

சர்க்கரை வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார். ஞாபகம் வருகிற நாட்களில் மாத்திரை தீர்ந்திருக்கும்.

பெங்களூரிலிருந்து சாமான் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. கவுஸ் போனில் எடுத்த படங்களை கோகிலவாணிதான் அனுப்பி, எந்த வருஷத்துப் பெடல், எந்த அளவுப் பின் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டு வாங்கினாள். புதுப் பெடல், புஷ், பின், ஸ்பிரிங், பிரேக் ராடு, புள்ளி புள்ளியாகப் பிடிப்பு வைத்த ரப்பர். கவுஸ் ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். பழைய புஷ்ஷைத் தட்டி எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. மாட்டி முடித்ததும் ஒருமுறை பாலக்கோடு ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து, “ஒரு விரல்ல அமுக்குனாலே நிக்குதுங்க” என்றார்.

நாலாம் நாள் கருப்பண்ணன் திரும்பி வந்தார். அதேதான். பஞ்சு மேல் கால் வைத்த மாதிரி. கவுஸ் பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூவையும் மாற்றினார். அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். இந்த முறை தெருவில் நின்றே சத்தம் போட்டார்.

“டூப்ளிகேட் சாமானத்த மாட்டிட்டு என் தலையில கட்டறியா பாய்?”

கவுஸோடு அவருக்கு இருபது வருஷப் பழக்கம். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலவாணி தன் இடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டபடி, யாருக்கோ வருமானச் சான்றிதழ் விண்ணப்பத்தில் மூன்றாவது தடவையாக அதே எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். அம்மா சென்னம்மாள் வாசலில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, இன்னொண்ண யாருக்குத் தானம் குடுத்துட்டு வர்றீங்க?” என்று சிரித்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக, புழுதி படிந்து இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “வார் அறுந்துபோச்சு, வுட்டுட்டு வந்துட்டன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். தெரு முனையில் கிடந்த செருப்பைக் கோகிலவாணி எடுத்து வந்தாள். வார் நன்றாகத்தான் இருந்தது.

அவள் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் மறுநாள் காலையில் கவுஸ் கடை திறந்ததும் போய், தரையைப் பார்த்தபடி, “பாய், அப்பாவுக்குச் செருப்பு கழண்டு வுழுந்ததே தெரியலைங்க” என்றாள். கவுஸ் துணியை எடுத்துக் கைகளைத் துடைத்தார். இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை, கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெகுநேரம் துடைத்தார்.

“வரச் சொல்லு பாப்பா. நீயும் கூட இரு” என்றார்.

கருப்பண்ணன் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். கவுஸ் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி, அவரை மேலே உட்காரவைத்து, ஸ்டார்ட் செய்து முதல் கியர் போடச் சொன்னார். தரையைத் தொடாத பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றியது.

“கண்ணு ரோட்டு மேல இருக்கட்டும். கீழ பாக்கக் கூடாது. நான் சொன்னதும் பிரேக்கு புடிங்க.”

“என்ன பாய், எல்கேஜி பாடமா?”

“பாருங்கண்ணா, நேரா பாருங்க.” கவுஸ் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு திடீரென்று, “ஆடு!” என்று கத்தினார்.

கருப்பண்ணனின் இடது கால் விறைத்து அழுத்தியது. வண்டியே ஒரு குலுங்கு குலுங்கியது. பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“பாத்தியா? பாத்தியா பாய்? ஏறி மிதிக்கறன், நிக்குதா பாரு!” வழக்கில் ஜெயித்தவர் குரல் அது.

கோகிலவாணி அப்பாவின் காலைப் பார்த்தாள். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது. அவருடைய பாதம் ஃபுட்ரெஸ்ட்டின் மேல் இருந்தது. விரல்கள் மடங்க, முழு பலத்தோடு ஃபுட்ரெஸ்ட்டை அழுத்திக்கொண்டிருந்தது. புதுப் பெடல் நாலு விரற்கடை முன்னால் சும்மா இருந்தது.

அவர் காலைத் தூக்கினார். கண்ணால் பார்த்துக்கொண்டே பெடல் மேல் வைத்து அழுத்தினார். சக்கரம் சட்டென்று நின்றது. இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது.

ஓசூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்குள் திரும்பியது.

“சோத்தாங்காலுக்கு மாத்திக் குடு” என்றார் கருப்பண்ணன் கடைசியில். “புது வண்டிக்கெல்லாம் அப்பிடித்தான இருக்குதுன்ன. கியர இந்தப் பக்கம் கொண்டா, பிரேக்க அந்தப் பக்கம் தூக்கி வெய்யி.”

“வெக்கலாங்கண்ணா. ஒரு வாரத்து வேலை, செய்யாத வேலை ஒண்ணும் இல்ல. ஆனா இப்ப ஆடுன்னு கத்துனதும் எந்தக் கால் போச்சுங்க? நாளைக்கும் அதே கால்தான் போவும். கியர் லீவர மிதிச்சுக்கிட்டு பிரேக்கு புடிக்கலன்னு எங்கிட்ட வருவீங்க.” கவுஸ் நிறுத்தினார். “வந்தா பரவால்லைங்க.”

கருப்பண்ணன் இறங்கினார். “ஓரமா நிறுத்து” என்று சொல்லிவிட்டு நடந்தார். சத்தம் போட்டதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. கவுஸும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவர் மகளோடு டாக்டரிடம் போனார். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். தெரிந்தால் சொல்ல வேண்டும். அவர் மூன்று தடவை “ம்” என்றார். அதில் ஒருமுறை டாக்டர் தொடவே இல்லை. சர்க்கரையால் மரத்துப்போவது வலது காலிலும் ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம், மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், இப்போதைக்கு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது.

அவர் கேட்கவில்லை. கோகிலவாணியின் ஸ்கூட்டரில் எல்லா பிரேக்கும் கையில்தானே என்று ஒரு சாயங்காலம் அதை எடுத்து வீட்டு முன்னால் ஓட்டிப் பார்த்தார். ஓடுகிற வரைக்கும் ஒன்றுமில்லை. நிறுத்திக் காலை ஊன்றியபோது, கால் தரையைத் தொட்டுவிட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டி மெதுவாக அவர் மேலேயே சாய்ந்தது.

“கால ஊனறீங்களா, காத்துல வெக்கறீங்களா?” என்றபடி ஓடிவந்து தூக்கிய சென்னம்மாளுக்கு, பாதிச் சிரிப்பிலேயே விஷயம் புரிந்து முகம் மாறிவிட்டது.

அதன்பிறகு பஸ்ஸில் போனார். பஞ்சப்பள்ளிக்கு முதல் பஸ் போய்ச் சேரும்போது ஏழு மணி ஆகிவிடும். இறங்கி நடந்து தோட்டத்துக்குப் போனால் பெட்டிகள் ஏற்கெனவே வேறு யாருடைய வண்டியிலாவது ஏறிக்கொண்டிருக்கும். “அண்ணன் வல்லியேன்னு குடுத்துட்டங்க” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பழுத்த காய் காத்திருக்காது. பத்து மணிக்குத் திரும்பி வந்து டிவி முன்னால் உட்காருவார். போன் வருவது குறைந்தது. மூன்று வாரத்தில் கரகூர்க்காரர்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். பஞ்சப்பள்ளியில் இரண்டு பேர் மட்டும் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோகிலவாணிக்கும் அலுப்பாக இருந்தது. பகல் முழுக்க மற்றவர்களின் கைரேகை பதியாத கதைகளைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் அந்த டிவி சத்தத்தைக் கேட்பாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கருப்பண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். வாழ்நாளில் யாருக்குப் பின்னாலும் உட்கார்ந்து போகாத மனிதர். மச்சான் கூப்பிட்டாலும், “நீ போ, நடந்து வரன்” என்பவர். பின் சீட்டை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

“உனக்கு ஆபீஸ் பத்து மணிக்குத்தான பாப்பா?”

“ஆமாங்கப்பா.”

“பஞ்சப்பள்ளி மாது நாளைக்குக் காய் பறிக்கறானாம். அஞ்சரைக்கு அங்க இருக்கணும்.” அவர் குழாயிலிருந்து வழியும் தண்ணீரைப் பார்த்தார். “நீ கொண்டுபோய் வுடறியா?”

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். நாலரைக்கு எழ வேண்டும். திரும்ப வந்து குளித்து, அதன்பிறகு சர்வர். நாளைக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

“சரிங்கப்பா.”

அவர் நகரவில்லை. அம்மா உள்ளே இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“மெதுவா ஓட்டு. எறக்கத்துல அப்பப்ப நிறுத்திக் குனிஞ்சு பாத்துக்க, என் கால் ஃபுட்ரெஸ்ட்டு மேலதான் இருக்குதான்னு. கீழ இழுத்துக்கிட்டு வந்தாலும் எனக்குத் தெரியாது. நீதான் பாத்துச் சொல்லோணும்.”