மடிப்பில் ஊறிய மை

மிஸ்ஸின் பூதக்கண்ணாடி இப்போது என் மேசையில் கிடக்கிறது. கறுப்புப் பிடி, விளிம்பில் ஒரு சின்ன உடைவு. புதுக்கடை நீதிமன்றங்களில் அந்தக் கண்ணாடிக்குப் பயப்படாத கள்ளன் இல்லை. மிஸ் காணி வழக்குப் பேசும் சட்டத்தரணி. நான் அவரிடம் இருபத்தாறு வருடம் எழுத்துவேலை பார்க்கும் இலிகிதராக இருந்தவன். யாராவது பழைய காணி உறுதிப்பத்திரம் என்று ஒரு தாளை நீட்டினால் அவர் வாசிக்கமாட்டார், முதலில் மடிப்பைத்தான் பார்ப்பார். எழுதிய பிறகு மடித்த தாளில், மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தும் சேர்ந்து வெடித்திருக்கும். ஏற்கெனவே மடிந்து நைந்த தாளில் எழுதினால் அந்த நைவில் மை ஊறிப் பரவிவிடும். பழைய தாளைத் தேடிப் பிடித்துக் கள்ள உறுதி எழுதுகிறவர்களுக்கு இது மட்டும் நினைவு வருவதில்லை. "மடிப்பு முதல், எழுத்து பிறகு" என்று மிஸ் சொன்னாரென்றால் நான் அடுத்த கோப்பை எடுத்து வைத்துவிடுவேன்.

இப்படிப்பட்ட மனுசிக்கு ஒரு பலவீனம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் அவர் பிறந்த சந்தில், அந்த ஒடுங்கிய ஒழுங்கையில், ஒரு சிற்றாலயம். அதன் மாடத்தில், நகத்தளவு கூட இல்லாத ஓர் எலும்புத் துண்டு, கண்ணாடி மூடிய வெள்ளிச் சிமிழுக்குள் இருந்தது. அந்தோனியாரின் திருப்பண்டம். மிஸ்ஸின் அப்பா துறைமுகப் பண்டகசாலையில் வேலை செய்தபோது, கப்பலில் வந்த யாரோ ஒருவர், உரோமையில் கொடுத்த சான்றிதழோடு அவரிடம் ஒப்படைத்ததாம். அப்பா செத்த வருடம் மிஸ் சிமிழை ஒழுங்கைச் சிற்றாலயத்துக்குக் கொடுத்தார், சான்றிதழைத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வெள்ளவத்தைப் பிள்ளையாரைக் கும்பிடுகிற நான், "அந்தத் தாளின்ர மடிப்பைப் பாத்தனீங்களோ மிஸ்?" என்று சில வேளை சீண்டுவேன். அவர் சிரிக்கமாட்டார்.

இருபத்திரண்டு வருடம் அப்படியே போனது. பிறகு புதிதாய் வந்த பாதர், திருநாள் பவனியில் சிமிழையும் கொண்டுபோகலாம், ஆனால் சான்றிதழைக் காட்ட வேண்டும், அது திருச்சபை ஒழுங்கு என்று சொல்லி அனுப்பினார். மிஸ் பெருமையோடு தாளை எடுத்து மேசையில் விரித்தார். கை பழக்கத்தில் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டது. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு கண்ணாடியை என் பக்கம் தள்ளினார். இலத்தீனில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் மடிப்பு தெரியும். முத்திரையின் மை, கையெழுத்தின் மை இரண்டும் நைவுக்குள் ஊறிப் பரவியிருந்தன.

இத்தனை வருடம் ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அப்பாவின் தாளை எந்தப் பிள்ளை கண்ணாடி வைத்துப் பார்க்கும்? அன்றைக்கு நான் கேட்டது வேறு. பாதருக்குத் தெரியப்போவதில்லை, பேசாமல் கொடுத்துவிட்டால் என்ன என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக்குறுகிப்போனேன். அப்படிக் கொடுத்தால், அதுவரை அவர் கூண்டில் ஏற்றிய கள்ளர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். கொடுக்காவிட்டால் அப்பாவின் பெயரும் ஒழுங்கையின் நம்பிக்கையும் போய்விடும். இரண்டாவதைத் தாங்கிக்கொள்வதென்று அவர் முடிவெடுத்தார்.

செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாடு முடிந்ததும், பாதரிடம் அனுமதி கேட்டு, சனத்தின் முன்னால் நின்றார். வழக்குப் பேசுவது போலத்தான் பேசினார். சான்றிதழ் போலி, எலும்பு யாருடையதென்று தெரியாது, இருபத்திரண்டு வருடம் உங்களை ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், சிமிழை இன்றைக்கே எடுத்துப்போகிறேன் என்றார்.

அப்போது முன்வரிசையில் முழங்காலில் இருந்த அப்பக்கடை அக்கா வாயைத் திறந்தார். அவர் மிஸ்ஸின் பழைய கட்சிக்காரர். உறுதியே இல்லாத அவருடைய வீட்டை, பத்து வருடத்துக்கு மேல் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தார் என்ற ஒரே நியாயத்தை வைத்து மிஸ் மீட்டுக் கொடுத்திருந்தார்.

"மிஸ், என்ட வீட்டுக்கும் உறுதி இல்லத்தானே. பத்து வருசமா ஒருத்தரும் இவவ வீட்டவிட்டு எழுப்பேல்ல, அதால வீடு இவவுக்குத்தான் எண்டு கோர்ட்ல நீங்கதானே கதைச்சீங்க. இந்தச் சிமிழுக்கு முன்னால நாங்க இருபத்திரண்டு வருசமா முழங்கால்ல இருக்கிறம். எழுப்ப வந்தது நீங்க மட்டுந்தான்."

சட்டப்படி பார்த்தால் இது நிற்காது. ஒரு புது வக்கீல் வந்தாலே உடைத்துவிடுவான். ஆனால் மிஸ் உடைக்கவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "எனக்கு இனிக் கதைக்க ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். சந்தோசத்தில் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. கோயில் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பாதரும் நல்ல மனுசன். இனி இதைத் திருப்பண்டம் என்று சொல்லமாட்டேன், பவனியிலும் கொண்டுபோகமாட்டேன், ஆனால் மாடத்திலிருந்து எடுக்கவும் மாட்டேன் என்றார். மிஸ் ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதி, மாடத்தின் அளவுக்கு இரண்டாக மடித்து, சிமிழோடு நிறுத்தினார்: "இதனுடன் வந்த சான்றிதழ் போலியானது. இது யாருடைய எலும்பு என்று தெரியாது. செபிக்கிறவர்களை எழுப்ப வேண்டாம்." அந்த வருடத் திருநாளில் அந்தோனியார் சொரூபம் ஒழுங்கைக்குள் வந்து மாடத்தின் முன்னால் நின்றபோது, சனம் வீதிவரை முழங்காலில் இருந்தது.

மிஸ் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் அப்பக்கடை அக்கா என்னைப் பூதக்கண்ணாடியோடு வரச்சொல்லித் தொலைபேசினார். சிமிழைத் தொட்டு முத்தமிடுகிற சனம் அட்டையையும் தொட்டு முத்தி முத்தி எழுத்து மங்கிவிட்டதாம். பாதர் புதிதாய் அச்சடித்துத் தருவதாகச் சொல்லி, அளவெடுக்க அட்டையை எடுத்துத் தன் மேசையில் வைத்திருக்கிறார். ஒழுங்கைச் சனம் விடவில்லை. மிஸ்ஸின் கையெழுத்துத்தான் வேண்டும், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைப்போம் என்று பிடிவாதம். ஆனால் இதற்கிடையில் யாரோ நகலை வைத்துவிட்டார்களோ என்று அக்காவுக்குச் சந்தேகம். நான் போனதும் அட்டையை என் கையில் தந்தார்.

"இது மிஸ் எழுதினதுதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நான் கண்ணாடியை எடுத்து அட்டையின் மடிப்பில் வைத்தேன். மங்கியும் அது நான் இருபத்தாறு வருடம் பார்த்த கையெழுத்துத்தான்; மை எங்கும் ஊறவில்லை. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தும் சேர்ந்து வெடித்திருந்தது. பின்னால் ஒழுங்கை முழுவதும் காத்து நின்றது.

"எழுத்து முதல், மடிப்பு பிறகு" என்றேன். "அசல்தான் அக்கா." சொல்லிவிட்டு நானும் அதைத் தொட்டு முத்திக்கொண்டேன்.