இல்லாத படத்தின் இரண்டாம் பாதி

மெத்தைக் கடையில் வேலை செய்கிறவர் பட்டப்பகலில் கண்ணை மூடிப் படுத்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் மெத்தைக்காரர் விஷயத்தில் அப்படி நினைப்பது தப்பு. அவர் தூங்கவில்லை, படம் பார்க்கிறார். அந்தப் படம் உலகத்தில் கிடையாது என்பது வேறு விஷயம்.

படுப்பது அவருடைய தொழிலில் ஒரு பகுதி. கடைக்கு வருகிறவர்கள் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள், விளிம்பில் பட்டும் படாமல் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். நாலு பேர் நடமாடும் இடத்தில் காலை நீட்டிப் படுக்க யாருக்குமே கூச்சம்தான். விற்கிறவர் முதலில் படுத்துக் காட்டினால்தான் வாங்குகிறவருக்குத் துணிச்சல் வரும். இதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் கண்ணை மூடிய நிலையில் தானாகச் சிரிப்பதையும், சில சமயம் கண்ணோரம் நீர் கசிவதையும் பார்த்தவர்கள், அந்த மெத்தையையே கட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்கிப் போயிருக்கிறார்கள். அதனால் முதலாளி எதுவும் கேட்பதில்லை.

இணையத்தில் சினிமாப் பித்தர்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் விருதுக் காலம் வந்தால் எந்தப் படத்துக்குக் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொண்டு அலுத்துப்போய், இருக்கிற படங்களே வேண்டாம் என்று முடிவு செய்து, இல்லாத படங்களுக்குப் போட்டி வைத்தார்கள். போட்டியாளர் ஒரு படத்தை மனதில் எடுத்து, அதன் கதை, நடிகர்கள், எத்தனை பாட்டு, எவ்வளவு நீளம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். சிறந்த படம், சிறந்த நடிப்பு, சிறந்த பின்னணி இசை எல்லாவற்றுக்கும் விருது உண்டு. பரிசு, கோப்பையின் படம். போன தடவை சிறந்த ஒளிப்பதிவுக்கான விருதை வாங்கியவர், மலை உச்சியில் எடுத்த காட்சியில் தவறி விழுந்ததாகச் சொல்லி, கையில் நிஜமான கட்டோடு வந்து நன்றி சொன்னார்.

நடுவர்கள் மூன்று பேர். தலைமை, ஒரு பல் டாக்டர் அம்மா. நோயாளி வாயைத் திறந்து காத்திருக்கும் இடைவெளியில் ஒரு படத்தைப் படித்து மதிப்பெண் போட்டுவிடுவார். இரண்டாமவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கதை வேகமெடுத்தால் அவர் கால் தானாக பிரேக்கைத் தேடும். மூன்றாமவர் மெத்தைக்காரர். மூன்று பேரில் படத்தை முழுக்கப் பார்க்கிற ஒரே நடுவர் அவர்தான்.

முழுக்க என்றால் முழுக்க. இரண்டரை மணி நேரப் படம் என்று எழுதியிருந்தால் இரண்டரை மணி நேரமும் படுத்துக் கண்ணை மூடிப் பார்ப்பார். சண்டைப் படத்துக்கு ஸ்பிரிங் மெத்தை, குடும்பப் படத்துக்குப் பஞ்சு மெத்தை, விருதுக்கென்றே எடுத்த படத்துக்கு முதுகுவலிக்காரர்களுக்கான கெட்டி மெத்தை. இடைவேளையில் எழுந்து தண்ணீர் குடிப்பார். நடுவில் வாடிக்கையாளர் வந்தாலும் படத்தை நிறுத்துவதில்லை. தியேட்டரில் நமக்காக நிறுத்துவார்களா என்று கேட்பார். ஒருமுறை தலையணை விலை கேட்க வந்தவரால் ஒரு கொலையைத் தவறவிட்டு, எழுதியவருக்கே போன் செய்து செத்தது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இப்படிக் கறாராக இருந்த மனிதருக்குச் சோதனை வீட்டிலிருந்தே வந்தது, மச்சினன் உருவத்தில்.

மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. முப்பதைத் தாண்டியவன். அவன் வாழ்க்கையில் எதையும் முடித்ததில்லை. படிப்பைக் கடைசிப் பரீட்சைக்கு முன்னால் விட்டான். செல்போன் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளப் போனவன், பிரிக்கக் கற்றுக்கொண்டு, பூட்டக் கற்றுக்கொள்வதற்குள் நின்றுவிட்டான். கார் ஓட்டப் போனான். முன்னால் போகும் கியர்கள் எல்லாம் வந்தன, ரிவர்ஸ் பாடத்தன்று போகவில்லை. அரைக் கிணறு தாண்டுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. கடைசியாக அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் தங்க வந்தான், அதையும் முடிக்கவில்லை. கூடத்தில், கடையிலிருந்து தள்ளுபடியில் வந்த மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தான். கூப்பிட்டால் சாப்பிடுவான். சாப்பிட்டுப் படுத்துக்கொள்வான்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எவ்வளவு ஒளிந்திருக்கும் நரம்பையும் தட்டித் தட்டியே மேலே கொண்டுவந்துவிடுவார். தம்பியை மட்டும் எங்கே தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். இப்படியே விட்டால் இவன் எழுந்திருக்கவே மாட்டான் என்று பயந்தார்.

அந்த மச்சினன்தான் படுத்த வாக்கிலேயே போனில் ஒரு படத்தை எழுதிப் போட்டிக்கு அனுப்பியிருந்தான். விஷயம் தெரிந்ததும் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே கணவரிடம் வந்தார். தம்பிக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட வேண்டும், ஒருத்தராவது நல்லா இருக்கு என்று சொன்னால் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்றார். படத்தைப் பார்க்காமல் எப்படிப் போடுவது என்று மெத்தைக்காரர் இழுத்தார்.

"என்னங்க, இருக்கிற படத்துக்குப் பொய் சொன்னா தப்பு. இல்லாத படத்தப் பத்தி என்ன சொன்னா என்ன? யாரு போய்ப் பாத்துட்டு வந்து கேக்கப் போறாங்க?"

"நான் பாக்கப் போறேனே" என்றார் அவர்.

மறுநாள் கடையில், கெட்டி மெத்தையில் படுத்தார். படத்தின் பெயர் 'கடல் போன பிறகு'. ஒரு கலங்கரை விளக்கம். அதன் முன்னாலிருந்த கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிக் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது. கடல் இருந்த இடத்தை மனை போட்டு விற்று, வீடுகளும் கட்டிவிட்டார்கள். விளக்குக்காரர் மட்டும் தினமும் விளக்கை ஏற்றுகிறார். சுழலும் வெளிச்சம் படுக்கையறைக்குள் விழுகிறது என்று குடியிருப்புச் சங்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். ஒரு சாயங்காலம், கடல் போன திசையிலிருந்து கப்பலின் ஊதல் கேட்கிறது. இடைவேளை. அதற்குக் கீழே மச்சினன், பழைய பாட்டுப் புத்தகங்களில் போடுவது போல, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டு நிறுத்தியிருந்தான்.

இதைப் படித்த பல் டாக்டர், பாதிக் கதைக்கு மதிப்பெண் கிடையாது என்று பூஜ்யம் போட்டார். டிரைவிங் ஸ்கூல்காரரும் பூஜ்யம். மெத்தைக்காரர் இடைவேளைக்கு எழுந்து தண்ணீர் குடித்தார், திரும்பிப் போய்ப் படுத்தார், சொல்லியிருந்தபடியே மீதியை வெள்ளித்திரையில் கண்டார்.

கண்டு எழுந்தபோது தலையணை உறை நனைந்திருந்தது. பத்துக்குப் பத்து போட்டார். தன் நடுவர் வாழ்க்கையில் அவர் போட்ட முதல் பத்து அது.

ஆனால் அதை நம்ப ஆள் இல்லை. மறுநாள் காலையில் கேட்காமலேயே காபி வந்தது, அதுவும் நுரையோடு. "உனக்காகப் போடல, படம் உண்மையாவே அவ்வளவு நல்லா இருந்தது" என்று சத்தியம் செய்தார். மனைவி, நான் நம்பாமல் வேறு யார் நம்புவார்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சர்க்கரை போட்டார். மச்சினனிடம் சொன்னதற்கு, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா கேட்டுச்சு, நீங்க போட்டீங்க. விடுங்க மாமா" என்று போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். மனைவியின் முகம் வாடிவிட்டது. அவர் தன்னிடம் இருந்த ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டார், காய்ச்சல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நடுவர் கூட்டம் வீடியோவில் நடந்தது. போட்டியாளர்கள் எல்லோரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது விதி. மெத்தைக்காரர் கூடத்தில் போனைத் தலையணைமேல் சாய்த்துவைத்து உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் போர்வைக்குள் மச்சினன். மனைவி சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றார்.

பல் டாக்டர் நேராக வேருக்கே போனார். ஒரே படத்துக்கு இரண்டு பூஜ்யம், ஒரு பத்து, இது எப்படி என்று கேட்டார். மெத்தைக்காரர் மறைக்கவில்லை, எழுதியது தன் மச்சினன் என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் சலசலப்பு. தன் ஸ்கூலில் ரிவர்ஸ் எடுக்காமல் ஓடிய பையனா என்று டிரைவிங் ஸ்கூல்காரர் கேட்டார். அப்படியானால் பத்து வராமல் என்ன செய்யும் என்று யாரோ சிரித்தார்கள். பல் டாக்டர் எல்லோரையும் அடக்கினார்.

"நீங்க முழுசாப் பாத்தேன்னு சொல்றீங்க. சரி, இரண்டாம் பாதியில என்ன நடந்தது? சொல்லுங்க, நாங்களும் கேக்குறோம்."

மெத்தைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஊதல் கேட்கிறது, ஆனால் கப்பல் வருவதில்லை. கப்பலில் இருந்தவர்கள் நடந்து வருகிறார்கள். கடல் நடுவழியில் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து இந்த வெளிச்சம் ஒன்றையே பார்த்து, காய்ந்த தரையில் நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். நாலு பேர் நங்கூரத்தைத் தூக்கி வருகிறார்கள், ஒருவர் கழுத்தில் ஊதல் தொங்குகிறது. குடியிருப்புச் சங்கத்தார் வாயடைத்து வழிவிடுகிறார்கள். கடைசியாக வந்த வயதான மாலுமி விளக்குக்காரரின் கையைப் பிடித்து, கரைக்கு வந்துவிட்டோமா என்று கேட்கிறார். இப்போது உலகம் பூராவும் கரைதான் என்று எப்படிச் சொல்வது? வந்துட்டீங்க என்கிறார் விளக்குக்காரர். அன்றுதான் அவர் முதல் முறையாக விடிவதற்கு முன்பே விளக்கை அணைக்கிறார்.

இதைச் சொல்லும்போது மெத்தைக்காரரின் குரல் உடைந்துவிட்டது. பல் டாக்டர் தன் முகக்கவசத்தை மேலே இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் இரண்டு காலையும் தரையில் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அது என் படம் இல்ல."

எல்லோர் காதிலும் விழுந்தது. மெத்தைக்காரர் திரும்பினார். மச்சினன் எழுந்து உட்கார்ந்திருந்தான். போர்வை இடுப்புக்கு இறங்கியிருந்தது, முகம் சிவந்திருந்தது.

"நீங்க சொல்றது நல்லா இருக்கு. ஆனா அது உங்க படம். என் படத்துல யாரும் நடந்தெல்லாம் வர மாட்டாங்க."

அப்படியென்றால் உன் படத்தில் என்னதான் நடக்கிறது என்று பல் டாக்டர் கேட்டார். மச்சினன் நகர்ந்து வந்து தலையணைமேல் இருந்த போனைத் தன் பக்கம் திருப்பினான். அவன் தன் படத்தைச் சொல்ல ஆரம்பித்தான். ஊதியது கப்பலே இல்லை, லாரி. லாரியில் வருகிறவன் மனை விற்கிற வில்லன். வில்லனும் விளக்குக்காரரும் சின்ன வயதில் பிரிந்த இரட்டையர்கள். இரண்டு வேடமும் ஒரே நடிகர். படிக்கட்டில் ஒரு சண்டை, கண்ணாடி உடைகிறது, தோளில் இருக்கும் மச்சத்தை வைத்து அண்ணன் தம்பி அடையாளம் தெரிகிறது. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிற சத்தம் கேட்டுக் கடல் திரும்பி வருகிறது. வந்ததும் ஒரு பாட்டு. குடியிருப்புச் சங்கத்தார் வீட்டுக் கதவுகளைக் கழற்றிப் படகாக்கி மிதந்தபடி ஆடுகிறார்கள்.

சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டான். சண்டையைக் கையால் காட்டினான், கடலைக் காட்டப் போர்வையை வீசினான். எங்கேயாவது நிறுத்திவிடுவான் என்று அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவன் நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டின் கடைசி வரி வரைக்கும் வந்து, "சுபம்" என்றான்.

போனில் முதலில் பல் டாக்டர்தான் பேசினார். இரட்டை வேடமா என்று மட்டும் கேட்டார். பிறகு, இப்போது படம் முழுசாகிவிட்டதால் புதிதாக மதிப்பெண் போட வேண்டும், பத்து போட்டவரே முதலில் சொல்லட்டும் என்றார்.

மெத்தைக்காரர் மச்சினனைப் பார்த்தார். அவன் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். மாதக்கணக்கில் முதுகை மட்டுமே பார்த்த வீட்டில் அந்த முகம் புதிதாக இருந்தது. வாசலில் மனைவியின் கண்கள் கெஞ்சின. பத்து என்று ஒரு சொல், அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அவர் இந்தப் படத்தையும் இப்போது முழுசாகப் பார்த்துவிட்டார். பார்த்த படத்துக்குப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"நாலு" என்றார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், இனி இவன் படுத்தால் நம் ஆயுசுக்கும் எழமாட்டான் என்று நினைத்தார்.

"நாலா?" என்றான் மச்சினன். "மாமா, கடல் திரும்பி வர்ற சீனுக்கு மட்டுமே ஆறு குடுக்கணும். மச்சம் எடுபடலன்னா சொல்லுங்க, அத மாத்தலாம். நாலுன்னா எப்படி?"

கூட்டம் முடிந்து மெத்தைக்காரர் வணக்கம் சொல்லிப் போனை அணைத்தார். அவன் விடவில்லை. அவர் கைகழுவப் போனார், இவனும் பின்னால் போனான். லாரியைத் தூக்கிவிட்டால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டான். இரட்டையரை விட்டால் ஐந்தாகலாம் என்றார் அவர். அது படத்தின் உயிர் என்று இவன் சண்டை போட்டான். மாடிக்குத் துணி எடுக்கப் போனார், அங்கேயும் குரல் துரத்தியது. பேச்சு சாயங்காலம் வரை ஓயவில்லை. மச்சினன் குளித்து, சட்டை மாற்றி, சாப்பிடும் இடத்தில் அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, படிக்கட்டுச் சண்டையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். கூடத்தில் மெத்தை காலியாகக் கிடந்தது.

பேசிப் பேசி மெத்தைக்காரருக்கே மனசு இளகிவிட்டது. பாவம், ஒன்று கூட்டிப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று வாயைத் திறந்தார். பரிமாறிக்கொண்டிருந்த மனைவி குனிந்து, தம்பிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"என்னங்க, நாலுலயே நில்லுங்க. ஏத்திடாதீங்க."