பெரிய வெள்ளிக்குள் ஒரு பல்செட்

கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரருக்கு நீரிழிவு என்று தெரிந்துகொண்டோம். அவர் ஏலாக்குறிச்சியில் வாத்தியார். நாற்பது வயதுக்குள் பற்கள் ஆட ஆரம்பித்து, முன்பற்கள் நான்கும் விழுந்துவிட்டன. சோற்றைக் கரைத்துக் கொடுத்தால் குடித்துக்கொள்வார். அதில் அவருக்குக் குறையில்லை. ஆனால் பெரிய வெள்ளியன்று கோயிலில், இயேசு சிலுவையில் பட்ட பாடுகளையும் மாதாவின் துக்கத்தையும் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பது அவருக்கு உயிர். முந்தின வருஷம் வாசித்தபோது பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. மாதா அழும் இடத்தில் பெண்கள் குனிந்து சிரித்தார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகப் பங்குச்சாமியார் சொல்லிவிட்டார்.

யுத்த காலம் அது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் பிறந்ததும் வண்டி கட்டிக்கொண்டு அரியலூர் பல் டாக்டரிடம் போனோம். நிதானமான மனுஷர். மிச்சப் பற்களையும் எடுத்தால்தான் பல்செட் நிற்கும் என்றவர், என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரு மறைப்பாரு. நீங்க சொல்லுங்கம்மா, சர்க்கரை வியாதி இருக்கா? இருந்தா மொதல்ல அதைக் கொறைக்கணும். ஒண்ணு ரெண்டாத்தான் புடுங்கணும். புண்ணு ஆறி ஈறு இறுகுன பொறவுதான் அளவு எடுக்கலாம். ஆறு மாசம் ஆவும். இல்லேன்னா சீக்கிரம் முடிச்சுடலாம்."

ஆறு மாதம் என்றால் பெரிய வெள்ளி போய்விடும். அவர் என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

"இல்லீங்க" என்றேன்.

டாக்டர் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் அதையே சொன்னேன்.

ஒரே நாளில் கீழ்வரிசை முழுவதையும் எடுத்தார். புண் ஆறவே இல்லை. தாடை வீங்கிச் சீழ் வைத்தது, காய்ச்சல் கண்டது. குருத்தோலை ஞாயிறன்று நினைவு தப்பியது. பெரிய வியாழனன்று போய்விட்டார். மறுநாள் காலையில் அடக்கம். அன்று பிரசங்கத்தை வேறொருவர் வாசித்தார், கணீரென்று வாசித்தாராம்.

கொழுந்தன்மார் அரியலூருக்குப் போய் டாக்டரின் நாற்காலியை உடைத்துத் தெருவில் போட்டார்கள். கொலைகாரன் என்று ஊரே பேசியது. அந்த வருஷமே அவர் அரியலூரை விட்டுப் போனார்.

இப்போது எனக்கும் சர்க்கரை. பெரம்பலூர் டாக்டரிடம் போனால், அவர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். சொல்லி என்ன பிரயோஜனம்? அரியலூரை விட்டுப் போகும் முன் அந்தப் பல் டாக்டர் எங்கள் வாசலுக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால், "ஏம்மா, நான் கேட்டேன்ல?" என்றார். கொழுந்தன்மார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.