மூக்குக் கட்டு பிரிக்கும் நாள்

கொலம்பியாவின் மெதெயின் நகரத்து லவுரேலெஸ் பகுதியில், மூக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தங்கித் தேறும் வீட்டுக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. ஏறுகிறவரின் முகத்தில் பிளாஸ்திரியைப் பார்த்ததும் டாக்சிக்காரர்களே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அங்கே எல்லாரையும் பார்த்துக்கொள்பவள் நூபியா இனெஸ்ட்ரோசா. கிப்தோவிலிருந்து பிழைக்க வந்த கறுப்புப் பெண். நல்ல உயரம், வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. உப்புக் குறைத்து சூப் வைப்பாள், முதுகுக்குத் தலையணை அடுக்குவாள். பன்றிக்கறியை ஒளித்துக் கொண்டுவரும் உறவினர்களை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்புவாள். புண் சீழ் பிடிக்கும் என்பது அவள் கட்சி. அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று சொல்லிச் சொல்லி, ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா பியெதாத் அலுத்துவிட்டார்.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது வேறொரு வேலை. கட்டு பிரித்ததும் கண்ணாடியை நீட்டுவது அவள்தான். ஆனால் எந்தப் பெண்ணும் முதலில் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, நூபியாவின் முகத்தைத்தான் பார்ப்பாள். மூக்கு வீங்கிக் கொழுக்கட்டை மாதிரி இருந்தாலும் நூபியா கண்ணை விரித்து, கையை நெஞ்சில் வைத்து, "அடியம்மா, எவ்வளவு அழகா வந்திருக்கு" என்பாள். பொய் என்று சொல்ல முடியாது. வீக்கம் வடிந்தால் அப்படித்தானே ஆகப்போகிறது?

விதவிதமான மூக்குகள் வரும். பாஸ்தோ மலைப்பக்கத்துப் பெண்களுக்கு நடுவில் எலும்பு மேடு, மைகாவோ ஊரில் குடியேறிய லெபனான் வம்சத்தாருக்குத் தொங்கும் நுனி, நூபியாவின் ஊர்க்காரிகளுக்கு அகலமும் தடித்த தோலும். டாக்டர் பியெதாத் எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பவர் அல்ல. அந்த ஒரு நம்பிக்கையில்தான் நூபியா கடைசியில் தன் மகளின் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

அந்த ஊரில் பெரிய விசேஷமான பதினைந்தாவது பிறந்தநாளுக்குச் சில பெண்கள் விருந்து கேட்பார்கள், சிலர் பயணம். நூபியாவின் மகள் யெசேனியா புது மூக்கு கேட்டாள். எலும்பு வளரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நூபியா அப்போது தட்டிக்கழித்தாள். பெண் மறப்பாளா என்ன? பத்தொன்பது வயதில் வந்து நின்றாள்.

"இந்த மூக்குக்கு என்னடி குறைச்சல்? எனக்கும் இதேதான். நான் மூச்சு விடலையா?"

"அப்ப உன் வீட்ல படுத்திருக்கிறவங்களை எல்லாம் ஏம்மா திருப்பி அனுப்பல? அவங்களுக்கு மட்டும் அழகு, எனக்கு மூச்சா?"

நூபியா மகளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். மகள் அழகாக வராமல் போவாளோ என்று அவளுக்குப் பயமில்லை. தன் மகளாக இல்லாமல் போய்விடுவாளோ என்றுதான் பயம்.

"டாக்டரம்மா, வெள்ளைக்காரி மூக்கை வச்சுத் தச்சுடாதீங்க," என்றாள்.

"காதுலேருந்து குருத்தெலும்பு எடுத்து மேல கொஞ்சம் தூக்கப்போறேன், ஓரத்தைக் கொஞ்சம் குறைக்கப்போறேன். அவ முகத்துக்கு எது பொருந்துமோ அதுதான் நூபியா."

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கட்டு பிரிக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் இருந்த பாஸ்தோக்காரி அம்பாரோ, "என்னக்கா, கண்ணாடியை எத்தனை தடவை துடைப்பீங்க?" என்று கிண்டலடித்தாள். நூபியா அதை இன்னொரு தடவை துடைத்தாள்.

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். குறை சொல்ல இடமே இல்லை. கறுப்புப் பெண்ணின் முகத்தில் கறுப்புப் பெண்ணின் மூக்கு. ஆனால் அது நூபியாவின் மூக்கு இல்லை.

யெசேனியா கண்ணாடிக்குக் கை நீட்டாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நூபியா கண்ணை விரித்தாள், கையை நெஞ்சில் வைத்தாள். "அடியம்மா, எவ்வளவு..."

"வேணாம்மா," என்றாள் மகள். "அது வர்றவங்களுக்குக் காட்டுற மூஞ்சி. எனக்கு உன் மூஞ்சியைக் காட்டு."

நூபியா கையை இறக்கினாள். கண்ணீர் தானாக வந்தது.

"நல்லாத்தான்டி இருக்கு. எனக்குத்தான் உன்னை அடையாளம் தெரியல."

யெசேனியா கண்ணாடியை வாங்கி, பார்க்காமலே மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.