ஆண்டாளம்மாளுக்கு ஒரு சென்ட்

காவாந்தண்டலம் சடையப்பனிடம் சென்ட் வாங்கப் போகிறவர்கள் கையில் ஓர் அழுக்குத் துண்டோடு போக வேண்டும். துவைத்த துண்டு என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். துண்டை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, ஜாதகம் பார்க்கிறவர் போல அரை நாழிகை உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகுதான் குப்பியைத் தொடுவார்.

பதினெட்டு வருஷம் சென்னையில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் வாசனை கலந்தவர். "அத்தினி பேருக்கும் ஒரே வாசனையா? அத்தினி பேருக்கும் ஒரே அளவுல சொக்கா தைப்பியா?" என்று மேனேஜரைக் கேட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். மேனேஜர் அதற்காக ஒன்றும் அழவில்லை என்று கேள்வி.

"சென்ட்டு ஆளை மூடக்கூடாது. ஆளோட வாசனைக்குப் பக்கத்துல அடக்கமா குந்திக்கினு இருக்கணும்" என்பது அவர் கொள்கை. டிராக்டர் ஓட்டும் பாலாவுக்கு, டீசல் வாடையை ஒளிக்காமல் அதனோடு எலுமிச்சைப்புல்லைச் சேர்த்துக் கொடுத்தார். பாலாவுக்குக் கல்யாணம் கூடியதே அதனால்தான் என்று சடையப்பன் சொல்வார். பாலா சொன்னதில்லை.

இப்படி ஊரையே முகர்ந்த மனிதர் சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு சொட்டு கலந்ததில்லை. பேத்தி காதுகுத்து வந்தபோது ஆண்டாளம்மாள் வாயைத் திறந்து கேட்டேவிட்டாள். முந்தின நாள் களையெடுக்கக் கட்டிப்போன புடவையையும் கொடுத்தாள். சடையப்பன் திருப்பித் திருப்பி முகர்ந்தார்.

"இன்னாடி, தொவச்சதைக் குடுத்துட்டியா? ஒண்ணுமே இல்லியே."

முப்பது வருஷம் கூட இருந்தவளிடம் ஒன்றுமே இல்லையாம்! கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு வராதா? மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு திருமுக்கூடலில் இருக்கும் மகள் கல்பனா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"காதுகுத்துக்கு நீ வா. நான் இனிமே அங்கயே இருந்துக்கிறேன்."

மூன்றாம் நாள் உத்திரமேரூர் போய்த் திரும்பிக் கதவைத் திறந்த சடையப்பனுக்குத் திக்கென்றது. வெட்டிவேர், சந்தனம், சாம்பிராணி, மரிக்கொழுந்து எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு முகத்தில் அடித்தன. ஏதோ குப்பி உடைந்துவிட்டது என்று நினைத்தார். அலமாரியைக் கலைத்தார், கட்டிலுக்கடியில் தவழ்ந்தார், மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எல்லாம் என்றைக்கும் இருந்த சரக்குதான். இத்தனையையும் அடக்கி வீட்டை வீடாக வைத்திருந்த ஒரு வாசனை மட்டும் இல்லை. ராப்பகலாக அதிலேயே மூச்சு விட்டதில், அப்படி ஒன்று இருப்பதே இந்த நிபுணருக்குத் தெரியாமல் போயிருந்தது. கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தபடியே அவருக்கு அழுகை வந்தது.

போன் போட்டார்.

"வூடு பூரா சரக்கு நெடி, ஆண்டாளு. தாங்கல."

"ஜன்னலைத் தொறய்யா."

"தொறந்துட்டேன். அது இல்ல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உனக்கு வாசனை கீது. இந்த வூட்ல இருந்ததே அதான்."



"எப்டி கீது?"

வருகிறவர்களுக்கெல்லாம் அரைமணி நேரம் வியாக்கியானம் சொல்கிறவர் இதில் மாட்டிக்கொண்டார்.

"சொல்லத் தெரியல. நீ வந்ததும் மோந்து பாத்துக் கலந்துடுறேன். சட்டுனு கலந்துடணும். ரெண்டு நாளானா மறுபடியும் தெரியாம பூடும்."

"அப்ப நான் இன்னா பண்றது? நீ மோந்து பாக்கறதுக்காக மாசத்துக்கு ஒருவாட்டி ஓடிப் போயிட்டு வரவா?"

"வாணாம்டி" என்றார் சடையப்பன். "தெரியாமயே பூடட்டும். நீ இங்கயே இரு."