கோசியோல் கடையின் எதிரி நாற்காலி

வெர்னா ஸைடல் நவம்பரில் தலையில் ஏற்றும் சிவப்பு நீலக் கம்பளிக் குல்லாயை ஏப்ரலில்தான் இறக்குவாள். பஃபலோவை ஒட்டிய லாக்கவானா நகராட்சியின் பனி வாரும் லாரியை ஓட்டும்போதும் அது தலையில் இருக்கும், வீட்டில் பீட்ரூட் சூப் கிண்டும்போதும் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாழ்வா சாவா ஆட்டம் வருகிறதென்றால், அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை மட்டும் கோசியோல் மதுக்கடையின் வாசலில் நின்று குல்லாயைக் கழற்றுவாள். இரண்டாக மடித்து மேலங்கியின் உள்பையில் வைப்பாள். ஏரிக்காற்று காதை அறுக்கும். வெறுந்தலையோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள்.

மகள் ரெனாட்டா இதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறாள். ஒருமுறை ஏன் என்று கேட்டாள்.

"எதிரிக்காகப் பேசப் போறேன். நம்ம கலரைப் போட்டுக்கிட்டுப் பேசினா ரெண்டு பேருக்குமே மரியாதை இல்ல" என்றாள் வெர்னா.

பஃபலோக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நான்கு வருடம் தொடர்ந்து இறுதிப் போட்டிக்குப் போய், நான்கு வருடமும் தோற்றுத் திரும்பிய அணி பில்ஸ், பந்தை எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் அவர்கள் ஊர் அணி. நான்காவது தோல்விக்குப் பிறகு, கடையை அப்போது நடத்திய கிழவர் கோசியோல் ஒரு முடிவுக்கு வந்தார். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்க இந்தக் கடையில் பீற்றல் தவிர வேறொன்றும் கேட்கவில்லை, எதிராளியைப் பற்றி ஒருவனாவது உண்மை பேசினானா, இந்த வாய்க்கொழுப்புத்தான் நம்மைக் கவிழ்த்தது என்றார். சுவரோரம் கிடந்த ஒரு ஓக் நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டார். இனி முக்கியமான ஆட்டம் எது வந்தாலும், முந்தைய வியாழன் யாராவது இதில் உட்கார்ந்து எதிரியின் கட்சியைப் பேச வேண்டும். மனமாரப் பேச வேண்டும். மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதும் நாற்காலியில் இருப்பவர்தான். சரி என்று ஒப்புக்கொண்டால் எழுந்து நின்று, "இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். சொன்னாலே தோற்றுவிடுவோம் என்ற பயத்தில், அந்த நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தக் கடையில் வாய்விட்டு யாரும் சொல்லத் துணியாத வாக்கியம் அது. அதைவிடப் பெரிய அபராதம் கிழவருக்குத் தோன்றவில்லை.

முதல் வியாழன் எல்லோரும் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை. அப்போதுதான் நீண்ட வேலை முடித்து, கால் கடுக்க உள்ளே வந்தாள் வெர்னா. வயது முப்பதுகூட ஆகவில்லை. காலியாக இருந்தது அது ஒன்றுதான். உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் தன்னையே பார்ப்பது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. "சரி, பேசறேன். முதல்ல ஒரு பியர் குடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அந்த இடம் அவளுடையது. பில்ஸ் நாக் அவுட்டுக்கே போகாத நீண்ட வறட்சி ஒன்று வந்தது. அந்தக் காலத்திலும், இன்ன அணி தோற்று, இன்ன அணி சமன் செய்து, நாம் ஜெயித்தால் கணக்குப்படி உள்ளே போகலாம் என்று ஏதாவதொரு ஞாயிறு டிசம்பரில் வரும். அதற்கும் வியாழக்கிழமை கூடுவார்கள். அதற்கும் வெர்னா குல்லாயைக் கழற்றுவாள். ஒருவராலும் அவளை மடக்க முடிந்ததில்லை. அபராத வாக்கியத்தை யாரும் கேட்டதே இல்லை.

ரெனாட்டாவுக்கு இதில் ஒரு பெருமை இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். முதல் வருடம் வகுப்பில் ஒரு விவாதம் நடந்தது. தனக்குப் பிடிக்காத கட்சியை அவள் அத்தனை நேர்மையாக எடுத்து வைத்ததைக் கேட்ட பேராசிரியர், இதை எந்தப் பள்ளியில் கற்றாய் என்று கேட்டார். "ரிட்ஜ் ரோட்டில்" என்றாள். கோசியோல் கடை இருக்கும் தெரு அது. அங்கே அப்படி ஒரு பள்ளி இருப்பதாக நினைத்து அவர் தலையசைத்துக்கொண்டார். இப்போது ராச்செஸ்டரில் வேலை. அலுவலகத்தில் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல். இரண்டில் எது தன்னுடையது என்று சில நாள் யோசிப்பாள். பதில் கிடைப்பதற்குள் வார இறுதி வந்துவிடும், லாக்கவானாவுக்கு வண்டியை எடுப்பாள்.

அந்த ஜனவரியில் தெற்குக் கடலோர அணி ஒன்று பஃபலோவுக்கு நாக் அவுட் ஆட வருவதாக முடிவானது. முந்தைய மூன்று வருடமும் பில்ஸ் நாக் அவுட்டில் அடி வாங்கியிருந்தது. கடைக்கு வரும் இளவட்டங்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்ட நாளில் வாகன நிறுத்துமிடத்தில் வேன் கூரையிலிருந்து மடக்கு மேசை மேல் குதித்து உடைக்கிற கூட்டம் அது. அதன் தலைவன் டெவின், குழாய் வேலைக்காரன், முதுகெல்லாம் தழும்பு.

"மூணு வருஷமா அடி வாங்கறோம். இந்த நாற்காலிதான் தரித்திரம். வியாழக்கிழமை எதிரிய ஜெயிக்க வெச்சுட்டு ஞாயித்துக்கிழமை அழுதா எப்படி? இதை எங்ககிட்ட குடுங்க, மேசையோட சேர்த்து ஒடச்சிடறோம்" என்றான்.

இப்போது கடையை நடத்தும் ஜீன், கிழவரின் மகன். "டேய், அது எங்கப்பா போட்டது" என்று கவுண்டருக்குப் பின்னாலிருந்து எகிறினார்.

"விடு ஜீன்" என்றாள் வெர்னா. "டெவின், இந்த வியாழன் யாராவது எனக்குப் பதில் சொல்லுங்க. சொல்லிட்டா நாற்காலி உங்களுக்கு. சொல்லலைன்னா இந்தப் பேச்சு இனி வரக் கூடாது."

"தீர்ப்பு நீங்கதானே சொல்லுவீங்க?"

"நான்தான். சந்தேகமா?"

டெவின் தலையைக் குனிந்துகொண்டான். அந்த விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அம்மா இதைத் தொலைபேசியில் ஏதோ வானிலை சொல்வது போலச் சொன்னாள். ரெனாட்டாவால் அப்படிக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. நகராட்சி வெர்னாவிடம் எந்தத் தெரு என்று சொல்லும், வைத்தியர் எந்த மாத்திரை என்று சொல்லுவார். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டு, ஒரு கூடம் நிறைய ஆட்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது அந்த நாற்காலியில் உட்காரும்போது மட்டும்தான். அது போனால் அம்மாவுக்குத் தேர்தல் ஓட்டுத் தவிர வேறு பேச்சு மிச்சமில்லை. வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கடையில் நிற்க இடமில்லை. கோழி இறக்கை வறுவலும் ஈரக் கம்பளியும் சேர்ந்த வாடை. வெர்னா வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் டெவின்.

"தெக்கத்திப் பசங்க. சனிக்கிழமையிலேருந்து பனி கொட்டப் போகுது. அவனுங்க ஸ்வெட்டர்ல கையை நுழைக்கறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும்."

சிரிப்பு அடங்கும் வரை வெர்னா பொறுத்திருந்தாள். "நம்ம பலம் எது, டெவின்?"

"பந்தை எறியற கை."

"கொட்டற பனியில எறிவியா? பந்து சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். அவங்க எறியவே மாட்டாங்க. அவங்ககிட்ட ஒருத்தன் இருக்கான், ஃப்ரிட்ஜுக்குக் கால் முளைச்ச மாதிரி. பந்தை வயித்துல அணைச்சுக்கிட்டு முட்டித் தள்ளிக்கிட்டே வருவான். காய்ஞ்ச தரையில ஆடினா நாம ஜெயிப்போம். பனி வரணும்னு நீங்க மெழுகுவத்தி ஏத்தறீங்களே, அது அவங்களுக்கு ஏத்தற விளக்கு."

ஏமன் நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர் சாலிம் பழைய இரும்பாலைத் தொழிலாளி, மதுவைத் தொடமாட்டார், இஞ்சி சோடாவோடு இந்த ஒரு வாதத்துக்காகவே வருகிறவர். அவர் மெதுவாகக் கேட்டார்.

"சகோதரி, ஃப்ரிட்ஜும் வழுக்குமில்ல?"

"வழுக்கும், சாலிம். வழுக்கினாலும் முன்னாடிதான் விழுவான். அதுலயும் ரெண்டு கஜம் கிடைச்சிடும்."

ஜீனே சிரித்துவிட்டார். இன்னும் இரண்டு மூன்று பேர் முயன்றார்கள். ஒருவன் கூட்டத்தின் கூச்சலைச் சொன்னான், ஒருவன் ஏரிக்காற்றைச் சொன்னான். வெர்னா ஒவ்வொன்றையும் இறக்கையிலிருந்து சதையை உருவுவது போல உருவி எலும்பைத் தட்டில் வைத்தாள். டெவின் சுற்றிலும் பார்த்தான்; அடுத்து முயல ஆளில்லை.

ரெனாட்டாவிடம் பதில் இருந்தது. அம்மா பேசப் பேச அது அவளுக்குள் தானாக வந்து நின்றுவிட்டது. இன்னும் சிறிது நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாற்காலி பிழைத்துக்கொள்ளும். யாருக்கும் தெரியப் போவதில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"என்ன ரெனாட்டா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் வெர்னா. "சொல்றதுக்கு இருந்தா சொல்லு. எனக்காக முழுங்கினேன்னா அப்புறம் நான் இதுல உக்காந்து என்ன பிரயோசனம்?"

ரெனாட்டா நிமிர்ந்தாள். டெவின் நாற்காலியை உடைத்தால் வெறும் மரம்தான் உடையும். தான் இப்போது பேசாமல் இருந்தால் அம்மா இத்தனை வருடம் அதில் உட்கார்ந்து பேசியதெல்லாம் உடையும்.

"அம்மா, பனி நாள்ல ரோட்டோரப் பள்ளத்துல கிடக்கற வண்டியெல்லாம் நீதானே பார்க்கறே. முன்னாடி போனவன் கிடப்பானா, ஒட்டிக்கிட்டே பின்னாடி வந்தவனா?"

"பின்னாடி வந்தவன்."

"ஏன்?"

"முன்னாடி போறவனுக்கு எங்க திரும்பப் போறோம்னு தெரியும், முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பான். பின்னாடி வர்றவன் அதைப் பார்த்துட்டுத்தான் திருப்புவான், அதுக்குள்ள சக்கரம்..." வெர்னா நிறுத்தினாள்.

"நம்ம பசங்க பந்து பிடிக்க ஓடும்போது எங்க வெட்டித் திரும்பணும்னு அவங்களுக்குத் தெரியும். கூடவே துரத்தறவனுக்குத் தெரியாது. அவன் வழுக்கிக்கிட்டுப் போயிடுவான். பந்தை எறியறவனுக்குப் பனி எதிரி இல்லம்மா, துரத்தறவனுக்குத்தான் எதிரி. தூரமா எறிய வேண்டாம். பத்து கஜம், ஒரு வெட்டு. உன் ஃப்ரிட்ஜ் ரெண்டு ரெண்டு கஜமா வரட்டும், நாம பத்து பத்தாப் போவோம்."

"பந்து ஈரம். கை வழுக்குமே?"

"பத்து கஜத்துக்கா? நீ ஈரக் கையுறையோட என் மேல பனி உருண்டை எறிவியே, ஒரு தடவையாவது குறி தப்பியிருக்கா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். இன்னொரு மறுப்பைத் தேடுகிறாள் என்பது ரெனாட்டாவுக்குத் தெரிந்தது. வாய்க்கு வந்த எதையாவது சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். வெர்னா இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி எழுந்தாள்.

"பதில் சரி" என்றாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. வெர்னா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என் பொண்ணு" என்றாள், தெரியாதவர்களுக்கு அறிமுகம் செய்வது போல. அங்கே தெரியாதவர்கள் யாரும் இல்லை. ரெனாட்டாவின் காது சூடேறியது. எந்தக் குரலில் பேசினோம் என்று அவள் அன்று யோசிக்கவே இல்லை.

"வெர்னா, அந்த வாக்கியம்?" என்று நினைவூட்டினார் ஜீன்.

"ஞாயிறு முடியட்டும், ஜீன்."

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை, பில்ஸ் ஆடும் ஆர்ச்சர்ட் பார்க் மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்தது வெர்னாவேதான். தன் சிறு லாரியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, பனி படாமல் தார்ப்பாய் மூடி எடுத்து வந்து, தன் கையாலேயே இறக்கி வைத்தாள். டெவின் வேன் கூரையில் ஏறினான். கூட்டம் எண்ணியது. குதித்தான்.

மடக்கு மேசைக்குப் பழகிய முதுகு அது. ஓக்குக்குப் பழகவில்லை. நாற்காலியின் நான்கு கால்களும் ஒரு விரல் ஆழம் பனியில் இறங்கியதோடு சரி. டெவின்தான் மேலே எம்பிப் பக்கவாட்டில் போய் விழுந்தான்.

"நாற்காலி முன்னிலை" என்று அறிவித்தார் சாலிம்.

டெவின் பனியில் மல்லாந்தபடியே கேட்டான். "வெர்னா, இது எதுல செஞ்சது?"

"ஓக்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கல. கேட்டிருந்தா எதிரியோட பலத்தை நான் மறைச்சதுண்டா?"

டெவின் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை ஒருமுறை சுற்றி வந்தான். பிறகு அவனே அதைத் தூக்கி லாரியில் வைத்தான். "நான் உடைக்கறேன்னுதான் சொன்னேன். உடையலைன்னா கடைக்குத்தான் போகணும்" என்றான். கயிற்றையும் அவனே கட்டினான். ஆட்டம் முழுவதும் அவன் உட்காரவில்லை.

பனி கொட்டியது. ஃப்ரிட்ஜ் வெர்னா சொன்னபடியே இரண்டு இரண்டு கஜமாக வந்து இரண்டு முறை எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டான். ஆனால் மூன்றாவது கால் பகுதியில் பில்ஸ் ஆள் ஒருவன் ஓடிப்போய் உள்பக்கம் வெட்டினான், துரத்தியவன் பலகையில் சறுக்குவது போல நேராகப் போனான், பந்து வந்து கைக்குள் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. பில்ஸ் ஜெயித்தது. குல்லாய் போட்ட வெர்னா கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தாள். முதல் வெட்டுக்கு மட்டும் கத்தவில்லை. மகளின் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அந்த இடம் இரண்டு நாள் வலித்தது. ராச்செஸ்டர் அலுவலகத்தில் நாற்காலியில் சாயும்போதெல்லாம் அதை உணர்ந்து, ரெனாட்டா தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அன்று மாலையே கடையில் ஜீன் மணியை அடித்து அமைதி கேட்டார். "ஞாயிறு முடிஞ்சுது. சொல்லு வெர்னா."

"வாய்ல இறக்கை இருக்கு" என்றாள் வெர்னா.

அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம். வியாழக்கிழமை அவள் எதிரிக்காகப் பேசினாள், யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை பில்ஸ் தோற்றது. தோற்ற வருடத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அது பொய் என்று அவள் வாதாடினாள். ஜீனுக்கும் சரியென்றே பட்டது. மறு வருடம் ஆட்டங்கள் தொடங்கியதும் டெவின் கேட்டான். இது போன வருடத்துக் கடன், இந்த வருடத்துக் கோப்பையை வைத்து எப்படி அடைப்பது என்று திருப்பிக் கேட்டாள். சாலிம் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி சோடாவைக் குடித்தார்.

ரெனாட்டா இப்போதும் தொலைபேசியில் கேட்பாள். "அம்மா, கடைக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டியா?"

"குடுப்பேன், குடுப்பேன். நான் எங்க ஓடிப்போறேன்? ஜெயிச்சவ நீ. உனக்கென்ன அவசரம்?"

"நீ சொல்லிக் கேக்கணும்னு இருக்கு."

மறுமுனையில் லாரியின் வைப்பர் அடிப்பது மட்டும் கேட்கும்.

"ரோடு மோசமா இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வெர்னா வைத்துவிடுவாள்.