தட்டு தூக்கியவளின் பெயர்

ஒரு கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்ததால் ஒரு குடும்பத்தின் வீடே பறிபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

பள்ளிவாசல் ஊருக்கு மேலே, எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என் வீட்டுக்கும் செல்வலட்சுமி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இங்கிருந்து எம்.ஏ. ஆங்கிலம் வரை போனவள் அவள்தான். அவள் சத்தமாகப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி பாஸ் போட்டிருக்கலாம்.

கடைசி வருடம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டுமாம். இயற்கை என்றாள், பெண்ணியம் என்றாள். எதைக் கொண்டுபோனாலும் அவளுடைய வாத்தியார் பினு, ஏற்கெனவே நூறு பேர் எழுதியது என்று திருப்பி அனுப்பினார். தலைப்புக்கே உயிரை வாங்கினால் பிள்ளை எப்போது எழுதுவது?

போன வியாழக்கிழமை சாயங்காலம் துள்ளிக்கொண்டு வந்தாள். நானும் அவள் அம்மா பூமாரியும் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"யம்மா, தலைப்பு கெடச்சிருச்சு! பழைய இங்கிலீஷ் நாவல்ல பக்கத்துக்குப் பக்கம் டீ குடிக்காங்க. ஆனா தட்டத் தூக்கிட்டு வாரவளுக்குப் பேரே கெடையாது. வருவா, வெப்பா, போயிருவா. அவளுகளப் பத்தித்தான் எழுதப்போறேன். சாரே அசந்துட்டாரு."

எனக்குப் புல்லரித்தது. பூமாரியோ கையிலிருந்த விறகைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பெற்ற தாய் இப்படியா இருப்பாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் பூமாரி வேலைக்கு வரவில்லை. கொழுந்து எடுக்கும்போது சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலையில் இடி விழுந்தது. அடுத்த மாதம் ரிட்டையர் ஆகிற பூமாரி, தனக்குப் பதிலாக வேலைக்கு மகள் பேரைப் போன வாரமே கொடுத்திருக்கிறாளாம்! எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். வீடு கம்பெனியுடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். வீட்டில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் வீடு தங்கும். அப்பன் இல்லாத அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

மத்தியானம் இறங்கி வந்து செல்வலட்சுமியிடம் சொன்னேன்.

"எம் பேரையா சித்தி? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலா?" என்றவள் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவினாள். "அம்மாவத் தெருவுல விட்டுட்டு நான் என்னத்த எழுதிக் கிழிக்கப்போறேன்? வாங்க, கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம்."

அவளோடு ஆபீசுக்குப் போனேன். கிளார்க் எங்களை விநோதமாகப் பார்த்தார்.

"அந்தப் பேர வேண்டாம்னு அம்மா காலையிலேயே வந்து சொல்லிட்டாங்களே. வீட்டக் காலி பண்ணிக் குடுக்கிறதாவும் சொன்னாங்க."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தால், பூமாரி சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, வீடு?"

பூமாரி நிமிரவில்லை. "நேத்து நீ சொன்னதுல இருந்து பொட்டுத் தூக்கமில்லடி. அந்தப் பேரில்லாதவளுகளோட உன்னையும் நானே கொண்டுபோய் நிறுத்தப் பாத்தேனே! உம் பேரத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன். எங்க போயி இருக்கப்போறோம்னு எனக்குத் தெரியாது. நீ எழுது."

செல்வலட்சுமி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலிச் சாக்கை இழுத்துத் தன் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள்.